முன்பணம் கொடுக்குமுன்

விடியற்காலையில் மரம் சீவி, பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வந்தால் முதலில் நடப்பது என்ன? நிறுவை. கிராணியார் நிறுத்துப் பார்த்துப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் அன்றைய கணக்கு. செம்பனைக் காட்டிலும் அப்படியே. குலைகளை அடுக்கி எண்ணிய பிறகுதான் பேர் போடுவார்கள். செய்த வேலையைப் பார்க்காமல் எந்தத் தோட்டத்திலும் நமக்கு யாரும் ஒரு வெள்ளி கொடுத்ததில்லை. அந்த ஒழுங்கின் கீழ் முப்பது, நாற்பது வருடம் உழைத்த நம் மக்கள், தாங்களே முதலாளியாக நின்று இன்னொருவருக்கு வேலை கொடுக்கும் நாளில் மட்டும் நிறுவையை மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

தோட்டத்து லயன் வீட்டில் கூரை ஒழுகினால் நாம் ஆள் தேடவேண்டியதில்லை. ஆபீசில் சொல்வோம்; நிர்வாகம் ஆள் அனுப்பும். சற்றுத் தாமதமாகும், சண்டை கூடப் போடவேண்டியிருக்கும். ஆனால் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. 1990 ஆம் ஆண்டின் 446 ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்பை நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமையை முதலாளியின் மேல்தான் வைத்திருக்கிறது. ஆகவே இன்னமும் தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்கள், நிர்வாகம் செய்யவேண்டிய பழுதுக்குத் தங்கள் கைப்பணத்தைச் செலவிட அவசரப்படக்கூடாது. முதலில் எழுத்து மூலம் ஆபீசில் தெரிவியுங்கள். கடிதத்தின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

சொந்த வீட்டுக்கு வந்துவிட்டால் நிலைமை வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் தாமான்களாகவும் நகரங்களாகவும் மாறிய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. இன்றைய சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த ஊர். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, கிள்ளானிலும் ஷா ஆலமிலும் காப்பாரிலும் மலிவு விலைத் தரை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறின. இரண்டே அறை, சிறிய சமையற்கட்டு. பிள்ளைகள் வளர்கிறார்கள், மருமகள் வருகிறாள். பின்பக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்டலாமே என்ற எண்ணம் பிறக்கிறது. அந்த வேளையில்தான் 55 வயதாகி, ஊழியர் சேமநிதிப் பணமும் கைக்கு வருகிறது.

நேயர்களே, அந்தப் பணம் ஒருமுறைதான் வரும். அடுத்த மாதச் சம்பளத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் பெரியவர்கள் சொன்னதில், கட்டிய வீட்டை இழுத்துக் கட்டுவதும் அடங்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பின்பக்கச் சமையற்கட்டைப் பெரிதாக்க 24,000 வெள்ளி என்று ஒரு குத்தகையாளர் சொல்கிறார். கோயில் திருவிழாவில் அறிமுகமானவர், நல்ல பேச்சு. “சாமான் விலை ஏறப்போகிறது, இன்றைக்கே பாதிப் பணம் கொடுத்தால் பழைய விலைக்கே முடித்துத் தருகிறேன்” என்கிறார். பெரியவர் 12,000 வெள்ளியை எடுத்துக் கொடுக்கிறார். இரண்டு நாளில் பழைய சமையற்கட்டுச் சுவர் உடைபடுகிறது. ஒரு லாரி மணல் வந்து இறங்குகிறது. அதன் பிறகு ஆள் இல்லை. கைப்பேசி அடிக்கிறது, எடுப்பாரில்லை. அம்மா வாசலில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார். பெரியவர் கையில் ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை. அந்த மனிதரின் முழுப்பெயர் கூட இல்லை. எல்லாரும் அவரை ‘அண்ணன்’ என்று கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

இது நான் உதாரணத்துக்குச் சொன்ன குடும்பம். ஆனால் கேட்கும்போதே, இப்படி ஒரு வீடு நமக்குத் தெரியுமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். இந்தக் குடும்பம் செய்த தவறு, நல்லவர் என்று ஒருவரை நம்பியது அல்ல. நம்பிக்கையையே ரசீதாக எண்ணிக்கொண்டதுதான் தவறு. முன்பணம் கொடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டிருந்தால் இந்த நிலை வந்திராது. யார் இவர்? இதற்கு முன் எங்கே வேலை செய்தார்? நமக்கு என்ன செய்து தரப்போகிறார்? பணம் எப்போது, எவ்வளவு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்கேள்வி: யார் இவர்?

குத்தகையாளரிடம் அடையாள அட்டையையும் நிறுவனப் பதிவு எண்ணையும் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று நம்மிடம் அடையாள அட்டை கேட்கவில்லையா? ஒழுங்காகத் தொழில் செய்பவர் இதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார். கோபித்தால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

மலேசியாவில் வணிகம் நடத்துபவர் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்திருக்கவேண்டும். கட்டட வேலை செய்பவர் இன்னும் ஒரு படி மேலே, சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்திலும் பதிந்திருக்கவேண்டும். 1994 ஆம் ஆண்டின் 520 ஆம் சட்டப்படி ஏற்பட்ட வாரியம் இது. குத்தகையாளர்களை ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரங்களாக இது பிரித்துள்ளது. சிறிய வேலைகளுக்கு ஜி1. எண் ஏற ஏற, எடுக்கக்கூடிய வேலையின் மதிப்பும் ஏறும். சமையற்கட்டை நீட்டுவதற்கு ஜி1 தரமே போதும். ஆனால் சான்றிதழில் கட்டட வேலைக்குரிய ‘பி’ பிரிவு இருக்கிறதா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும்.

இந்த இரண்டு பதிவுகளுக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாக மனதில் இருத்திக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.எம். பதிவு, இப்படியொரு வணிகம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். பூக்கடைக்கும் அந்தப் பதிவு உண்டு. முடிதிருத்தும் கடைக்கும் உண்டு. அவருக்குச் சுவர் எழுப்பத் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது. பெயர் அட்டையில் நீளமான எண் ஒன்று அச்சடித்திருக்கிறது என்பதால் மட்டும் திருப்தியடைய வேண்டாம். இரண்டு பதிவுகளையும் அந்தந்த அமைப்பின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். உங்களுக்குப் பழக்கமில்லையென்றால் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள், கைப்பேசியிலேயே பார்த்துவிடுவார்கள்.

மின்சார வேலை தனி. சுவிட்ச் இடம் மாற்றுவது, புதிய இணைப்பு இழுப்பது ஆகியவற்றை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின் குத்தகையாளரின் ஆட்களே செய்யவேண்டும். சிமெந்து பூசும் கையே வயரையும் இழுத்துவிடும் என்பதை ஏற்காதீர்கள். சுவர் கோணலானால் இடித்துக் கட்டலாம். வயர் கோணலானால் உயிர் போகும்.

அவருடைய ஆட்களுக்கு சொக்சோ பாதுகாப்பு உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கூரையிலிருந்து ஒரு தொழிலாளி விழுந்துவிட்டால் அவருடைய குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த நமக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

இரண்டாவது கேள்வி: இதற்கு முன் எங்கே வேலை செய்தார்?

கைப்பேசியில் காட்டும் படங்கள் போதாது. படத்தில் கூரை ஒழுகாது. அவர் கட்டிக்கொடுத்த வீடுகளில் இரண்டு மூன்றின் முகவரியைக் கேட்டு வாங்கி நேரில் போய்ப் பாருங்கள். போன மாதம் முடித்த வேலையைக் காட்டிலும், ஒரு மழைக்காலத்தையாவது கடந்துவிட்ட வேலையைப் பார்ப்பது நல்லது. புதுச் சாயம் எந்தக் குறையையும் மூடிவிடும். மழைதான் உண்மையைச் சொல்லும்.

போன இடத்தில் எதைப் பார்ப்பது? பழைய வீடும் புதிய பகுதியும் சேருமிடத்தில் மேலிருந்து கீழாக வெடிப்பு ஓடுகிறதா? கூரையும் சுவரும் சேருமிடத்தில் ஈரக்கறை படிந்திருக்கிறதா? குளியலறையில் ஊற்றிய தண்ணீர் குழியை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா? தரை ஓடுகளைக் காசால் தட்டினால் வெற்றுப் பானை போலச் சத்தம் வருகிறதா? இவற்றைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை.

அந்த வீட்டு அம்மாவிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். சொன்ன நாளில் முடித்தாரா? பேசிய விலைக்கு மேல் கேட்டாரா? முடித்த பிறகு ஒரு குறையைச் சொன்னால் திரும்பி வந்தாரா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலே முக்கியமானது. எந்த வேலையிலும் சிறு குறை இருக்கும். கூப்பிட்டால் வருகிறவரா என்பதுதான் மனிதரை எடைபோடும் இடம்.

மூன்றாவது கேள்வி: நமக்கு என்ன செய்து தரப்போகிறார்?

‘நன்றாகச் செய்து தருகிறேன்’ என்பது விலைப்பட்டியல் ஆகாது. எழுத்தில் வேண்டும். அதுவும் ஒருவரிடம் மட்டுமல்ல, மூவரிடம் வாங்குங்கள். மூவருக்கும் ஒரே அளவு, ஒரே வேலையைச் சொல்லுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும். ஒருவர் 24,000 என்றும் மற்றவர் 23,000 என்றும் சொல்லும்போது மூன்றாமவர் 14,000 என்றால், மகிழ்ச்சியடையுமுன் எதை விட்டுவிட்டார் என்று தேடுங்கள். உடைத்த கல்லும் மண்ணும் ஏற்றிப்போகும் லாரிச் செலவு இருக்காது. மின்சார வேலை இருக்காது. அடித்தளத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

அடித்தளம் என்றதும் கிள்ளான் வாசிகள் கூடுதல் கவனத்தோடு கேட்கவேண்டும். கிள்ளானும் அதைச் சுற்றியுள்ள கடலோரப் பகுதிகளும் மிருதுவான கடற்களிமண் மேல் அமைந்தவை. பாரம் ஏறினால் அந்த மண் மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் அமிழும். பல வீடுகளின் முன் பகுதி, மேம்பாட்டாளர் ஆழமாக இறக்கிய தூண்களின் மேல் நிற்கிறது. பின்னால் நாம் நீட்டும் சமையற்கட்டு வெறும் மண்மேல் உட்காருகிறது. முன்பகுதி அசையாது, பின்பகுதி இறங்கும். நடுவில் சுவர் பிளக்கும். இதனால்தான் இங்கே சிறிய வேலைக்கும் பக்காவ் மரக்கட்டைகளை மண்ணில் இறக்கி, அதன்மேல் அடித்தளம் போடும் வழக்கம் இருக்கிறது. அந்தக் கட்டைகள் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே, எப்போதும் ஈரத்தில் இருக்கும்வரைதான் கெடாமல் நிற்கும் என்பதையும் அறிந்த குத்தகையாளர் சொல்வார். உங்கள் வீட்டு மண்ணுக்கு என்ன அடித்தளம் போடுவீர்கள், ஏன் என்று கேளுங்கள். பழைய சுவரோடு புதிய சுவரை எப்படிச் சேர்ப்பீர்கள் என்றும் கேளுங்கள். கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறவருக்கு உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எழுதித் தரும் பட்டியலில் நீளம், அகலம், உயரம் இருக்கவேண்டும். இரும்புக் கம்பியின் பருமன், கூரைத் தகட்டின் தடிப்பு, தரை ஓட்டின் அளவும் வகையும், குழாய், கதவு, ஜன்னல் எத்தனை என்பன இருக்கவேண்டும். குளியலறைக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு உண்டா என்று எழுதியிருக்கவேண்டும். அந்தப் பூச்சு காய்ந்த பின், ஓடு பதிக்குமுன், குழியை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்ப்பார்கள். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தால் பூச்சு சரியில்லை. இந்தச் சோதனையையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். தொடங்கும் நாள், முடிக்கும் நாள், குறைகளைத் தம் செலவில் சரிசெய்யும் காலம் ஆகியவையும் எழுத்தில் இருக்கட்டும். மலாய் மொழியில் எழுதியிருந்தால் கையெழுத்திடுமுன் பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விளங்காத வரியின் கீழ் கையெழுத்து வேண்டாம்.

பழைய வீடுகளில் இன்னோர் எச்சரிக்கை. பல பழைய வீடுகளின் கூரைத் தகடு அஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெந்துத் தகடாக இருக்கலாம். அதை உடைத்தால் பறக்கும் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போய், பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோயை உண்டாக்கும். அத்தகைய தகடுகளைச் சுத்தியலால் அடித்து நொறுக்கவோ அறுக்கவோ விடாதீர்கள். முறை தெரிந்தவர்கள் நனைத்து, உரிய முகக்கவசத்தோடு, முழுத் தகடாகக் கழற்றி இறக்கவேண்டும். வீணாகப் போகிறதே என்று அதை எடுத்துக் கோழிக்கூண்டுக்கு வேய்வதும் ஆகாது.

நான்காவது கேள்வி: பணம் எப்போது, எவ்வளவு?

இங்கேதான் ஸ்டோரின் நிறுவை திரும்ப வருகிறது. வேலை முன்னே போகவேண்டும். பணம் அதன் பின்னே வரவேண்டும். பணம் முந்திவிட்டால், வேலையை இழுக்கும் கயிறு நம் கையைவிட்டுப் போய்விடும்.

அந்த 24,000 வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தம் கையெழுத்தாகி, அனுமதியும் கிடைத்த பிறகு தொடக்கத்தில் 2,400. அடித்தளம் முடிந்ததும் 4,800. தூணும் சுவரும் எழும்பியதும் 4,800. கூரை முடிந்ததும் 4,800. குழாய், மின்சாரம், தரை ஓடு முடிந்ததும் 4,800. ஆக 21,600. மீதி 2,400 வெள்ளியைக் கடைசிவரை பிடித்து வைக்கவேண்டும். அதில் பாதியை, நீங்கள் குறைப்பட்டியல் எழுதிக்கொடுத்து, அவர் எல்லாவற்றையும் சரிசெய்த அன்று கொடுங்கள். மறுபாதியை மூன்று மாதம் கழித்து, நல்ல மழை ஒன்று பெய்த பிறகு கொடுங்கள். இந்தக் கணக்கு சட்டம் போட்ட கணக்கல்ல. உங்களுக்கும் அவருக்கும் ஒத்துவரும்படி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கொடுத்த பணம், நடந்த வேலையின் மதிப்பை எந்த நாளிலும் மிஞ்சக்கூடாது என்ற அடிப்படையை மாற்றாதீர்கள்.

குத்தகையாளருக்கும் நியாயம் உண்டு. அவரும் சாமான் கடைக்குப் பணம் கட்டவேண்டும், வாரக்கூலி கொடுக்கவேண்டும். ஒரு காசும் தராமல் வேலையை முடி என்பது சரியல்ல. சொன்ன கட்டம் முடிந்ததும் இழுத்தடிக்காமல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். சம்பளம் தள்ளிப்போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பது நாம் அறியாததா? சாமான் வாங்க அதிகப் பணம் வேண்டுமென்றால், நீங்களே கடைக்குப் போய் நேரடியாகப் பணம் கட்டிச் சாமானை வீட்டில் இறக்கிக்கொள்ளலாம்.

பணத்தை ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிர்த்து, நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். ‘என் தம்பி கணக்கில் போடுங்கள்’ என்றால் ஏன் என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்குங்கள். நடுவில் ‘இதையும் சேர்த்துச் செய்துவிடலாம்’ என்று பேச்சு எழுந்தால், அதன் விலையை முதலில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே கல் விழவேண்டும். ஒப்பந்த விலை ஒன்றாகவும் முடிவு விலை வேறாகவும் போவது பெரும்பாலும் இந்த வாய்ப்பேச்சில்தான்.

நேயர்களே, நான்கு கேள்விகளோடு அனுமதி என்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? அங்கே இருந்த செங்கல் சூளைகளால் வந்தது. 1881 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பெருந்தீ. அதே ஆண்டின் இறுதியில் ஒரு பெருவெள்ளம். அத்தாப்பும் மரமுமாக இருந்த கோலாலம்பூர் அழிந்துபோயிற்று. 1882 இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாமின் காலத்தில், நகரத்துக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழவேண்டும் என்ற விதி வந்தது. அந்தச் செங்கல்லுக்குத்தான் அத்தனை சூளைகள். கட்டட விதி என்பது நம்மைத் தொல்லைப்படுத்த எழுந்ததல்ல; ஓர் ஊரே எரிந்தபின் கற்ற பாடம் அது.

இன்று 1974 ஆம் ஆண்டின் 133 ஆம் சட்டமாகிய சாலை, கால்வாய், கட்டடச் சட்டத்தின்படி, வீட்டை நீட்டிக் கட்டுவதற்கு ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும். கோலாலம்பூரில் மாநகர் மன்றம். கிள்ளானில் நீண்ட காலம் நகராண்மைக் கழகமாக இருந்து, 2024 இல் அரச மாநகர் மன்றமாக உயர்ந்த அமைப்பு. ‘அனுமதி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று குத்தகையாளர் சொன்னால், அனுமதிக் கடிதத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அனுமதியின்றிக் கட்டினால் நோட்டீஸ் வீட்டுக்காரருக்கு வரும். இடிக்க உத்தரவும் வரலாம். அதற்குள் குத்தகையாளர் வேறு ஊரில் வேறு வீட்டில் இருப்பார். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கட்டட நிர்வாகத்தின் அனுமதியையும் பெறவேண்டும். அங்கே ஒரு சுவரை இடிப்பது உங்கள் வீட்டோடு முடிகிற காரியமல்ல. மேல்மாடியின் பாரம் அந்தச் சுவரில் இருக்கலாம்.

அவசரம் வந்தால் இவ்வளவும் மறந்துபோகும். 2021 டிசம்பரில் பெய்த பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல இடங்களும் நீரில் மூழ்கியது நினைவிருக்கும். சேறு படிந்த வீட்டில், இன்றைக்கே யாராவது வந்து சரிசெய்தால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அந்த நேரத்தில் முழு வேலையையும் பேசி முடிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தானதை மட்டும், அதாவது மின்சாரத்தையும் சாய்ந்த சுவரையும், முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். மற்றதை வீடு காய்ந்த பிறகு, மனமும் தெளிந்த பிறகு பேசலாம்.

இவ்வளவு பார்த்தும் வேலை கெட்டுவிட்டால் என்ன செய்வது? அழுதுகொண்டு உட்கார வேண்டியதில்லை. 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், காசு வாங்கிச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படவேண்டும், நியாயமான காலத்தில் முடிக்கப்படவேண்டும் என்று சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் அதே ஆண்டு நவம்பரில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் செயல்படத் தொடங்கியது. தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரை மட்டுமே அங்கே கோரலாம். 2019 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. பொதுவாக வழக்கறிஞரை அங்கே அனுமதிப்பதும் இல்லை. மூன்றாண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். தீர்ப்பு வந்து 14 நாட்களுக்குள் அதை நிறைவேற்றாதவர் குற்றவாளியாகி, அபராதத்துக்கோ சிறைக்கோ ஆளாகலாம்.

அங்கே போகுமுன், குறைகளைக் குறிப்பிட்டு, இத்தனை நாளுக்குள் வந்து சரிசெய்யுங்கள் என்று குத்தகையாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். நின்றுபோன வேலையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கைப்பேசியில் அவர் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

ஆனால் மன்றத்தில் முதலில் நிரப்பவேண்டிய பாரத்தில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? எதிர்த்தரப்பின் பெயர், பதிவு எண், முகவரி. ‘அண்ணன்’ என்று எழுதினால் அழைப்பாணையை எந்த வீட்டுக் கதவில் கொண்டுபோய்க் கொடுப்பது? நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்துப் பெரியவருக்குச் சட்டம் இருந்தது, மன்றம் இருந்தது, ஐந்து வெள்ளியும் இருந்தது. அந்த மூன்று வரிகளை நிரப்பத்தான் அவரிடம் ஒன்றுமில்லை. முதல் நாள் கேட்டு வாங்கும் காகிதமே கடைசி நாளில் நமக்காகப் பேசும் காகிதம்.

நம்மில் பலருக்கு ஒரு தயக்கம். நம் ஆள் ஆயிற்றே, கோயிலில் பார்க்கிறவர் ஆயிற்றே, காகிதம் கேட்டால் மனம் நோகாதா என்று நினைக்கிறோம். சற்று எண்ணிப் பாருங்கள். ஸ்டோரில் கிராணியார் பாலை நிறுத்தபோது நம்மைத் திருடன் என்று நினைத்தா நிறுத்தார்? நிறுவை இருந்ததால் அவருக்கும் நமக்கும் சண்டை வரவில்லை. மறுநாள் முகம் பார்த்து வணக்கம் சொல்ல முடிந்தது. எழுதி வைத்த ஒப்பந்தமும் அப்படித்தான். நல்ல குத்தகையாளரையும் அது காப்பாற்றுகிறது, நட்பையும் காப்பாற்றுகிறது.

ஆகவே தாய்மார்களே, பெரியவர்களே, இன்று இரவே ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். முதற் பக்கத்தில் குத்தகையாளரின் பெயர், அடையாள அட்டை எண், பதிவு எண், முகவரி. இரண்டாம் பக்கத்தில் நேரில் போய்ப் பார்த்த வீடுகள். மூன்றாம் பக்கத்தில் மூவர் தந்த விலை. நான்காம் பக்கத்தில் எந்த வேலை முடிந்ததும் எவ்வளவு பணம் என்ற கணக்கு. இந்த நான்கு பக்கமும் நிரம்பும்வரை சேமநிதிப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். நிரம்பிய பிறகு நல்ல நாள் பார்த்து, மனநிறைவோடு வேலையைத் தொடங்குங்கள்.